தாடி வைத்தால் பக்தி குறையுமா? மோர்மன் சபையில் மாறிவரும் முகங்கள்

சிங்கப்பூரில் வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலோ, சபா, சரவாக் பட்டணங்களின் கடைத்தெருவிலோ நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். மரியாதையாகப் பேசுவார்கள். வயது இருபதைத் தாண்டியிருக்காது. அந்த வயதில் நம் வீட்டுப் பையன்கள் தாடியைச் செதுக்க முடிதிருத்தும் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். இவர்கள் முகமோ மழமழவென்று இருக்கும். விருப்பத்தால் அல்ல. ஊழியத்தில் இருக்கும் காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் சவரம் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு விதி.

இவர்கள்தாம் மோர்மன்கள். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மோர்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று 2018 முதல் சபையே கேட்டுக்கொண்டு வருகிறது. ஆனால், ஊர் வாயில் நிலைத்துவிட்ட பெயர் என்பதால் இங்கும் அதையே எழுதுகிறேன். தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி. உலகம் முழுவதும் 17 மில்லியனுக்கும் அதிகமான உறுப்பினர்கள். மது, புகை, காபி, தேநீர் எதற்கும் அனுமதி இல்லை. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன சபை.

2025 செப்டம்பர் 27ஆம் தேதி அந்தச் சபையின் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 101 வயதில் காலமானார். அக்டோபரில் டாலின் ஓக்ஸ் 18ஆவது தலைவராகப் பொறுப்பேற்றார். அவருக்கு வயது 93. இந்தச் செய்தியை நம் ஏடுகள் ஒரு பத்தியில் முடித்துக்கொண்டன. அதில் தவறில்லை. ஆனால், தாடி விவகாரத்தைக் கவனித்து வருபவர்களுக்கு இந்தப் பதவியேற்பில் ஒரு சுவாரசியம் உண்டு. சபையின் தாடித் தடைக்கு இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் விளக்கத்தை எழுதியவர் இதே ஓக்ஸ்தான். அந்தத் தடை ஒருநாள் மாறும் என்று எழுதி வைத்தவரும் அவரேதான்.

தாடிக்காரர்கள் ஆண்ட சபை

முதலில் பழைய கதை. இந்தச் சபையை 1830இல் நிறுவிய ஜோசப் ஸ்மித் தாடி வைத்ததில்லை. அவருக்குப் பின் வந்த பிரிகாம் யங், பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு பாலைவெளிகளைக் கடந்து 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார். பிற்காலத்தில் அவர் தாடி வைத்துக்கொண்டார். அவரில் தொடங்கி 1951இல் இறந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் வரை ஏழு தலைவர்கள். ஏழு பேரும் தாடிக்காரர்கள். ஆறாவது தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தின் படத்தைப் பார்த்தால் மார்பைத் தொடும் தாடி. நம்மூர்ச் சாமியார் மடத்தில் கொண்டுபோய் மாட்டினாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

1951இல் டேவிட் மெக்கே தலைவரானார். சவரம் செய்த முகம். அவர் முதல் இன்றைய ஓக்ஸ் வரை பத்துத் தலைவர்கள். ஒருவருக்கும் தாடி இல்லை. பல பத்தாண்டுகளாகத் தாடியே தலைமையின் முகமாக இருந்த சபையில், அடுத்த எழுபது ஆண்டுகளில் தாடி சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது. இடையில் புதிய வேத வசனம் எதுவும் இறங்கவில்லை. ஆண்டவன் தாடியை வெறுக்கிறான் என்று எந்தத் தலைவரும் அருள்வாக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் என்னதான் நடந்தது?

பாதிக் காரணம் அமெரிக்காவே மாறியது. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் படைவீரர்கள் தாடியை எடுக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் கொடுத்த ஜில்லெட் சவரக் கருவியோடு லட்சக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். தினசரி சவரம் கௌரவமான ஆணின் அடையாளமானது.

மீதிப் பாதி சபையின் சொந்தக் கவலை. பலதார மணத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அமெரிக்கப் பத்திரிகைகள் மோர்மன்களைக் கேலிச்சித்திரம் போட்டன. நீண்ட தாடிக் கிழவர், சுற்றிலும் ஏழெட்டு மனைவிகள். இதுதான் வழக்கமான படம். 1890இல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூட்டா மாநில அந்தஸ்து பெற்றது. அதன்பின் 'நாங்களும் உங்களைப் போன்ற அமெரிக்கர்கள்தாம்' என்று காட்டும் பெருமுயற்சி தொடங்கியது. கோட்டு, டை, வெட்டிய முடி, மழித்த முகம். ஒரு காலத்தில் விரட்டப்பட்ட சிறுபான்மை, பெரும்பான்மையைவிடப் பெரும்பான்மையாகக் காட்டிக்கொள்ள முயல்வது உலகில் பல இடங்களில் நடப்பதுதான். மற்றவனுக்கு ஒரு மடங்கு சுத்தம் போதும் என்றால் நமக்கு இரண்டு மடங்கு வேண்டும் என்ற பயத்தைத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலை தேடிப் போன தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1971இல் எழுதியது

தடை இறுகியது 1960களில். வியட்நாம் போர் எதிர்ப்பு, ஹிப்பிகள், கஞ்சா, நீண்ட முடி, தாடி எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்ட காலம். அந்தப் பதற்றம் அமெரிக்காவோடு நிற்கவில்லை என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் 1970களில் அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி தொங்கியது. நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்பது அதன் சாரம். எது நீண்ட முடி என்பதற்குப் படம் வேறு: புருவத்தைத் தொடும் முன்முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் காலரைத் தாண்டும் பின்முடி. ஆக, யூட்டாவிலும் சிங்கப்பூரிலும் பயம் ஒன்றுதான். மயிரில் தொடங்குவது போதைப்பொருளில் முடியும் என்ற பயம்.

அந்தச் சூழ்நிலையில்தான் 1971இல் ஓக்ஸ் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சபைக்குச் சொந்தமான பல்கலைக்கழகம் அது. யூட்டாவின் பிராவோ நகரில் இருக்கிறது. சட்டப் பேராசிரியராக இருந்தவர். வயது நாற்பதைத் தொடவில்லை. மாணவர்கள் தாடித் தடைக்குக் காரணம் கேட்டார்கள். பதிலாக அவர் பேசியது அதே ஆண்டு டிசம்பரில் சபையின் இளைஞர் இதழில் வெளிவந்தது.

அந்தப் பதிலை நேர்மையான பதில் என்றே சொல்வேன். தாடியிலோ நீண்ட முடியிலோ தன்னளவில் எந்தத் தவறும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், இன்றைய சமுதாயத்தில் மக்கள் மனத்தில் அவை எதிர்ப்பு, கலகம், போதைப்பொருள் ஆகியவற்றின் அடையாளம். வைத்திருப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான் பார்க்கப்படுவான் என்றார். 'பிரிகாம் யங் தாடி வைக்கவில்லையா?' என்று கேட்பவர்களுக்கு, இந்த விஷயத்தில் பழைய உதாரணங்கள் செல்லாது என்று வாயை அடைத்தார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். அடக்கமாக உடுத்துவது என்றைக்கும் மாறாத மதிப்பு. தாடித் தடை அப்படிப்பட்டதல்ல. அது இந்தக் காலத்தின் நிலைமைக்கு ஏற்ப வைத்த நடைமுறை விதி. எதிர்காலத்தில் அது மாறாமல் போனால்தான் தமக்கு ஆச்சரியம் என்றார்.

சட்டம் படித்தவரின் மூளை. விதிக்குக் காரணம் சொன்னார். காரணம் போனால் விதியும் போகலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தார்.

காரணம் போய் வெகுகாலமாகிவிட்டது. அன்றைய ஹிப்பிகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. தாடியைப் பார்த்துக் கஞ்சாவை நினைப்பவர் இன்று யாரும் இல்லை. நம்மவர்கள் வேண்டுமானால், "என்ன தம்பி, காதல் தோல்வியா?" என்று கேட்பார்கள். அல்லது மாலை போட்டிருக்கிறானோ, தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டானோ என்று நினைப்பார்கள். விதி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

மாணவன் கொடுக்கும் விலை

சின்ன விஷயம்தானே, பிளேடு என்ன விலை என்று கேட்கலாம். பிராவோவில் படிக்கும் மாணவனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. சுமார் 35,000 பேர் படிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவனும் ஒழுக்க விதிமுறையில் கையெழுத்திட்டுத்தான் சேருகிறான். அதைக் கடைப்பிடிக்கிறான் என்று ஆண்டுதோறும் அவனுடைய சமயத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் நின்றால் படிப்பு நிற்கும். இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு தேர்வு மையத்துக்குப் போய், "சவரம் செய்துவிட்டு வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட அனுபவத்தை அங்கே படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஒழுங்காகக் கத்தரித்த மீசைக்கு அனுமதி உண்டு. மேலுதட்டு முடி பத்திரம், தாடை முடிதான் ஆபத்து என்பது விதியின் கணக்கு.

அந்த வளாகத்தில் பிரிகாம் யங்கின் சிலை நிற்கிறது. தாடியோடு. அதைத் தொடக்க காலத்தில் கட்டியெழுப்பிய கார்ல் மேசருக்கும் சிலை உண்டு. அவருக்கும் தாடி. தன் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் பிரிகாம் யங்கே இன்று தேர்வு எழுத முடியாது என்பது அங்கே பழைய நகைச்சுவை.

2014இல் மாணவர்கள் சிலர் சைக்கிளில் ஊர்வலம் போய்த் தாடிக்கு அனுமதி கேட்டார்கள். அமெரிக்காவின் வேறு பல்கலைக்கழகமாக இருந்தால் இது செய்தியே அல்ல. அங்கே மாணவர்கள் சபையை எதிர்த்துத் தெருவுக்கு வருவதே அபூர்வம். தடை நீங்கவில்லை. ஆனால், 2015 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் மூன்று விலக்குகளைத் தெளிவாக அறிவித்தது. தோல் நோய் இருந்தால் மருத்துவ விலக்கு. நாடகத்திலோ படத்திலோ நடித்தால் நடிப்பு விலக்கு. வேறு சமயத்தவராக இருந்து அந்தச் சமயம் தாடியைக் கோரினால் சமய விலக்கு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முஸ்லிம் மாணவரோ சீக்கிய மாணவரோ விலக்குக் கேட்கலாம். முப்பாட்டன் தாடியோடு பாலைவெளியைக் கடந்து வந்த மோர்மன் மாணவன் கேட்க வழியில்லை. இயேசுவாக நடிக்க ஆள் வேண்டும் என்றால் தாடி வளர்க்கலாம். படப்பிடிப்பு முடிந்ததும் வழித்துவிட வேண்டும். சபையின் கட்டடங்களில் மாட்டியிருக்கும் இயேசு படங்களில் எதிலும் அவர் சவரம் செய்தவராக இல்லை.

மருத்துவ விலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சுருட்டை முடிக்காரர்களுக்குச் சவரம் செய்தபின் முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். சிறு சிறு கட்டிகளாக வீங்கும், எரியும், தழும்பாகும். கறுப்பின ஆண்களிடம் இது மிக அதிகம். நம்மவர்களிலும் கழுத்தில் இந்தத் தொல்லை உள்ளவர்களைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒருவன் தன் தோலோடு வாழ்வதற்கு மருத்துவச் சான்றும் சிறப்பு அனுமதியும் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதிய விதி, எல்லாத் தோலுக்கும் பொது என்று அறிவிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். தாடித் தடைக்கு எதிரான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். நாகரிகம், சுதந்திரம் எல்லாம் பிறகு.

2023 ஆகஸ்டில் சபையின் கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் உடை, தோற்ற விதிகள் ஒன்றாக்கித் திருத்தப்பட்டன. பழைய பட்டியல் நடையைக் கைவிட்டுப் பொதுக் கோட்பாடுகளாக எழுதினார்கள். ஆனாலும், ஆண்கள் முகம் மழித்திருக்க வேண்டும் என்பது அப்படியே இருந்தது.

எழுதாத விதி

வளாகத்துக்கு வெளியே நிலைமை வேறு. சாதாரண உறுப்பினர் தாடி வைக்கக் கூடாது என்று சபையில் எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் பல்லாண்டுகளாக எழுதாத விதி ஒன்று வேலை செய்தது. அது எப்படி என்று புரிந்துகொள்ள அந்தச் சபையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. வட்டாரச் சபையை நடத்தும் 'பிஷப்', பல் மருத்துவராக இருப்பார், கணக்காளராக இருப்பார், குழாய் பழுதுபார்ப்பவராகவும் இருப்பார். சுமார் ஐந்தாண்டு சேவை, பிறகு வேறொருவர். ஆளைத் தேர்ந்தெடுப்பது மேல்மட்டத் தலைவர். அப்படி அழைப்பு வரும்போது, "சகோதரரே, அந்தத் தாடியை எடுத்துவிடலாமே" என்று மெதுவாக ஒரு சொல் வரும். யாரும் வற்புறுத்துவதில்லை. மறுப்பவர்களும் குறைவு. ஆக, பதவியில் இருப்பவர்கள் முகமெல்லாம் மழித்த முகம். மழித்த முகமே பதவிக்குரிய முகம். தாடியோடு ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைபவனைப் பார்த்து, 'இவன் விலகிப் போகிறானோ' என்று பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பதும் இதனால்தான்.

எழுதிய விதியை மாற்ற ஒரு கையெழுத்து போதும். எழுதாத விதியை யாரும் மாற்ற முடியாது. அது தானாகத்தான் தேய வேண்டும். இப்போது அது தேய்கிறது. யூட்டாவின் ஞாயிறு ஆராதனைகளில் தாடி சகஜமாகிவிட்டது. சில வட்டாரங்களில் தாடியோடு இருப்பவர்கள் பிஷப்பாக அழைக்கப்படுகிறார்கள். எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வெளியுலகமும் இதற்குத் துணை. பார்சல் நிறுவனமான யூபிஎஸ் 2020இல் ஊழியர்களின் தாடித் தடையை நீக்கியது. 1976 முதல் தாடிக்கு இடம் கொடுக்காத நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி 2025 பிப்ரவரியில் இறங்கி வந்தது. சவரம் செய்த முகத்தைப் பார்த்து ஒழுக்கமானவன் என்று அமெரிக்கர் யாரும் இன்று மதிப்பெண் போடுவதில்லை. சபை யாரைப் போலக் காட்டிக்கொள்ள விரும்பியதோ, அந்த அமெரிக்கர்களே தாடி வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

எல்லாம் ஒரே திசையில் போகிறது என்றும் சொல்ல முடியாது. நெல்சன் இறந்த மூன்றாம் நாள், 2025 செப்டம்பர் 30இல், அமெரிக்கத் தற்காப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத் படைத்தலைவர்களை வெர்ஜினியாவில் கூட்டி, படையில் தாடிக்கு இனி இடமில்லை என்று முழங்கினார். இதைக் கேட்டு அதிகம் கலங்கியவர்கள் சீக்கிய வீரர்களும் சவரக் கட்டித் தொல்லை உள்ள கறுப்பின வீரர்களும்தாம். தாடி அங்கே மறுபடியும் அரசியலாகிறது. சபைத் தலைமை எந்தக் காற்றுக்கு முகம் கொடுக்கும் என்பது கேள்விதான்.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கீழ்ப்படிதல் ஒரு பயிற்சி என்கிறார்கள் அவர்கள். சின்ன விதியைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவன் பெரிய சத்தியத்தை எப்படிக் காப்பாற்றுவான்? விரதம் இருப்பவர்களுக்கும் காவடி எடுப்பவர்களுக்கும் இந்த வாதம் அந்நியமானதல்ல. ஒரு மாதம் புலால் விட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பவனுக்குப் பதில் சொல்ல முடியாது. இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஊழியர்கள் விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுபவனுக்குச் சீருடை தேவைதான். ஆனால், விரதம் நாமாக எடுத்துக்கொள்வது. முடிவு நாளும் உண்டு. நான்கு ஆண்டுகள் பட்டத்தைப் பிணை வைத்துக் கேட்கும் சவரத்தை விரதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓக்ஸும் 1971இல் கீழ்ப்படிதலை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. சமுதாயத்தின் பார்வையைத்தான் காட்டினார்.

அந்தப் பார்வை இன்று எங்கிருந்து வர வேண்டும் என்பதும் மாறிவிட்டது. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சபை வேகமாக வளர்கிறது. பிலிப்பீன்ஸிலும் பிரேசிலிலும் பெருங்கூட்டம். வெளியூர் நிலைமைக்குச் சபை வளைந்து கொடுக்காமலும் இல்லை. பெண் ஊழியர்கள் காற்சட்டை அணிய 2018இல் அனுமதி வந்தது. விசுவாசிகள் உடைக்குள் அணியும் புனித ஆடையில், வெப்ப நாடுகளில் இருப்பவர்களுக்காகக் கையில்லாத வடிவம் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தாடியைவிட அது பல மடங்கு புனிதமான பொருள். அதில் கத்தரி வைக்க முடிந்தவர்களுக்குத் தாடை முடி பெரிய தடையாக இருக்கக் கூடாது.

என் கணிப்பு, விதி விழுவதற்கு முன் ஓட்டைகள் பெரிதாகும். விலக்குகள் எளிதாகும், தேர்வு மையத்தில் பார்க்கும் கண் கொஞ்சம் மங்கும். ஓக்ஸ் 93 வயதில் இதற்காகப் பேனாவை எடுப்பாரா என்பது சந்தேகம்தான். பல்லாண்டுகளாகத் தலைமைக் குழுவில் இருந்தவர். 2023 திருத்தத்தின்போதும் இருந்தார். அப்போது அந்த வரி தப்பியது. இப்போது சபைத் தலைவர் என்ற முறையில் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்கும் அவரே தலைவர். புதிய கல்வியாண்டு வழக்கமாக ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பமாகும். மாணவர்கள் கையெழுத்திடும் விதிமுறையில் அந்த ஒரு வரி இருக்கிறதா, இல்லையா என்பது ஒவ்வோர் ஆண்டும் அப்போது தெரிந்துவிடும்.